தங்கச்சி இந்தத் தடவை வீட்டிலேயே பெத்துக்கிறேன்னு நிக்கிறா. கடலூர், புதுச்சேரிப் பக்கம் அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

ஓ.டி. அக்கா (கடலூர் ஓல்ட் டவுன், அதாவது முதுநகர்)
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிக்கு இது ரெண்டாவது. ஏழு மாசம் முடியப் போகுது. முதல் குழந்தை ஆபரேஷன்ல பிறந்தான், அவனுக்கு ரெண்டரை வயசு. அந்தப் பிரசவம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில. பனிக்குடம் உடைஞ்சதும் கொண்டு போனோம். உள்ள விட்டதோட சரி, எங்க அம்மாவைக்கூட பக்கத்துல நிக்க விடலை. வலியில கத்தினதுக்கு "அப்ப தெரியலையா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காங்க. அதை இன்னைக்கும் சொல்லிச் சொல்லி அழறா. வயித்துத் தையல் ஆறிடுச்சு, இந்த வார்த்தை ஆறலை.

இப்ப போன்ல வீட்டுப் பிரசவ வீடியோவா பார்க்கிறா. அம்மாவும் "உங்க மூணு பேரையும் இந்தக் கூடத்துலதான் பெத்தேன், எனக்கென்ன ஆச்சு"ன்னு ஒத்து ஊதுறாங்க. மாப்பிள்ளை அவ சொல்றதுக்குத் தலையாட்டறார். எனக்கு மட்டும் அடிவயிறு கலங்குது. ஆனா அவளுக்குப் பதில் சொல்லத் தெரியலை. திட்டாம, பயமுறுத்தாம, தெரிஞ்சதைச் சொல்லுங்க.

விதைநெல் (வானூர்)
உங்க தங்கச்சி கேக்கறதுல நியாயம் இருக்கு அக்கா. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல நூத்துக்கு 45 பிரசவம் கிட்ட ஆபரேஷன். தனியார்ல மட்டும் எடுத்தா பாதிக்கு மேல. நம்ம பொண்ணுங்க உடம்பு ஒரு தலைமுறைக்குள்ள இவ்வளவு மாறிடுச்சா? நாலு தலைமுறைக்கு முன்னாடி எல்லாரும் வீட்டுலதானே பிறந்தோம். நெதர்லாந்துல இன்னைக்கும் வீட்டுல பிரசவம் பார்க்கறாங்க. நம்ம பாட்டிமாருக்குத் தெரிஞ்சதை நாமதான் தூக்கிப் போட்டுட்டோம்.

நெல்லிக்குப்பத்தான்
எங்க அம்மா என் தம்பியை வீட்டுலதான் பெத்தாங்க. எனக்கு அப்ப எட்டு வயசு. குழந்தை நல்லா அழுதான். நஞ்சுக்கொடி மட்டும் இறங்கலை. கட்டில் கோணிப்பை நனைஞ்சு மண் தரையில வழிஞ்சதை நான் வாசப்படியில நின்னு பார்த்தேன். கரும்பு வண்டி ஒண்ணை நிறுத்தி ஏத்தினாங்க. பாதி வழியில திரும்பி வந்துட்டாங்க.

தம்பிக்கு அம்மா முகம் தெரியாது. வேற ஒண்ணும் சொல்லத் தோணலை.

மருத்துவச்சி பேத்தி
ஐயா எழுதினதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எங்க ஆயா மருத்துவச்சி. பண்ருட்டிக்குக் கிழக்கால ஒரு ஊர். தாத்தா ஊருக்கு முடி வெட்டுவார், ஆயா பிள்ளைப்பேறு பார்ப்பாங்க. எங்க சாதிக்கு அது குலத்தொழில். பிடிச்சுப் பார்த்தாங்களா, பிடிக்காம பார்த்தாங்களான்னு யாரும் கேட்டதில்லை.

வீட்டுப் பிரசவம்னா என்னன்னு நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். "வலி கண்டுடுச்சு"ன்னு ஆள் வந்தா ஆயா முதல்ல கேக்கறது, "சீரகத் தண்ணி குடுத்தீங்களா?" ஒரு கை சீரகத்தை வெறும் சட்டியில கருக வறுத்து, தண்ணி ஊத்திச் சுண்டவச்சு, கருப்பட்டி கரைச்சு, நெல்லிக்கா அளவு வெண்ணெய் போட்டுக் குடுப்பாங்க. அரை மணி நேரத்துல அடங்கினா அது சூட்டு வலி, வீட்டுக்கு வந்துடுவாங்க. ஏறினா மெய் வலி. உடனே வளையலைக் கழட்டி முந்தானையில முடிஞ்சுக்குவாங்க. உத்திரத்துல புடவையைக் கட்டித் தொங்க விட்டு, அதைப் பிடிச்சுக் குந்த வைப்பாங்க. படுக்கவே விட மாட்டாங்க. பின்னால உக்காந்து இடுப்புல ரெண்டு உள்ளங்கையையும் அமுத்திப் பிடிச்சுக்கிட்டு, வலி வரும்போது கூடவே மூச்சு விடுவாங்க. ராத்திரி பூரா அந்தக் கை எடுக்காது. உங்க தங்கச்சி தேடறது இந்தக் கையைத்தான்னு நினைக்கிறேன்.

ஆனா மிச்சத்தையும் சொல்லணும். தொப்புள்கொடியை வீட்டுல கிடைச்ச அருவாளால அறுத்தாங்க. அறுத்த இடத்துல அடுப்புச் சாம்பல், மஞ்சள். சீம்பாலை மூணு நாள் பீச்சி மண்ணுல விட்டாங்க, பிள்ளைக்குச் சேனைன்னு சர்க்கரைத் தண்ணி. பெத்தவளுக்குத் தண்ணி குடுத்தா வயிறு ஊதும்னு நாக்கு வறள விட்டாங்க. நல்லா பால் குடிச்ச பிள்ளை ஏழாம் நாள், எட்டாம் நாள் வாய் இறுகி வில்லா வளைஞ்சு போயிடும். சீர் தட்டிடுச்சு, பட்சி தோஷம்னு சொல்லிப் புதைச்சுட்டு வருவாங்க.

பின்னால ஆரம்ப சுகாதார நிலையத்துல மருத்துவச்சிங்களுக்குப் பயிற்சி வச்சாங்க. சோப்பு, புது பிளேடு, நூல் எல்லாம் ஒரு பையில குடுத்து, சாம்பல் வைக்காதீங்க, அதுலதான் ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி வருதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஆயா சாப்பிடலை. திண்ணையில உக்காந்து விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டே இருந்தாங்க. எந்தெந்த வீட்டுப் பிள்ளைன்னு எண்ணியிருக்காங்க.

இன்னொண்ணு. பழைய காலம்னு பெருமையா பேசறவங்க இதையும் தெரிஞ்சுக்கணும். நடுராத்திரி லாந்தர் எடுத்துக்கிட்டு வந்து கூப்பிடற வீட்டுல, விடிஞ்சப்புறம் ஆயாவைத் திண்ணையில உக்காரச் சொல்ல மாட்டாங்க. கூலி ஒரு மரக்கா நெல்லு, பழம்புடவை, எண்ணெய், வெத்தலை பாக்கு. பொண்ணு பிறந்தா அதுலயும் குறையும். காலனிக்குப் போய்ப் பார்க்கக் கூடாதுன்னு ஊர்க்கட்டு. அங்க அவங்கள்லயே ஒரு அம்மா பிள்ளை பிடிப்பாங்க. ரெண்டு பேரும் களை வெட்டப் போற நேரத்துல வாய்க்கா மேட்டுல சந்திச்சுப் பேசிக்குவாங்க. கால் முன்னால வந்தா என்ன பண்ணினே, கொடி தங்கினா என்ன பண்ணினேன்னு. ஊருக்குத் தெரியாம அவங்க ரெண்டு பேருக்கும் அது ஒரு பள்ளிக்கூடம்.

ஆயா தன் சொந்தப் பேத்தி எனக்கு வலி வந்தப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, நான் கூட வரேன்."

பரங்கிப்பேட்டை உம்மு
மாஷா அல்லாஹ், பேத்தி அக்கா எழுதினதைக் கண் கலங்காம படிக்க முடியலை. எங்க உம்மம்மா காலத்துல எங்க தெருவுக்கும் அப்படி ஒரு மருத்துவச்சி அம்மாதான் வருவாங்க. இந்து அம்மா. பிள்ளை பிறந்ததும் குளிப்பாட்டித் துணியில சுத்தி அவங்கதான் வெளிய கொண்டு வந்து குடுப்பாங்க, பெரியவங்க காதுல பாங்கு சொல்லுவாங்க. ஏழாம் நாள் முடி இறக்கி அகீகா குடுக்கும்போது அந்த அம்மாவுக்குப் புதுப் புடவை கட்டாயம் உண்டு.

எங்ககிட்ட நாற்பது நாள் பெத்தவளைத் தரையில கால் வைக்க விடாம பார்த்துக்குவாங்க. உம்மா வீட்டுல இருக்கற அந்த நாற்பது நாள்தான் என்னைப் பொறுத்தவரை பெரிய மருந்து. எனக்கு மூணு பிரசவமும் ஆஸ்பத்திரியில. மச்சான் வெளிநாட்டுல. ஆனா நாற்பது நாளும் மாறலை, பாங்கும் மாறலை. பேரீச்சம்பழம் மென்னு பிள்ளை நாக்குல தடவறது எங்க வழக்கம். டாக்டரம்மாகிட்ட முன்னாடியே கேட்டோம். முதல்ல தாய்ப்பால் குடுங்கன்னாங்க. தேன் மட்டும் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது, அதுல பச்சைப் பிள்ளையைத் தாக்கற ஒரு கிருமி இருக்கலாம்னாங்க. கோபிக்காம விளக்கிச் சொன்னாங்க, நாங்களும் கேட்டுக்கிட்டோம்.

ஓ.டி. அக்கா
பேத்தி அக்கா, நீங்க எழுதினதை தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டினேன். சீரகத் தண்ணி வரைக்கும் சிரிச்சுக்கிட்டே கேட்டா. விரல் எண்ணின இடத்துல போனை வாங்கித் தானே படிச்சா. அப்புறம் பேசலை. அம்மாவும் பேசலை. மூணு பேருன்னு சொல்றாங்களே, எனக்கு முன்னாடி ஒண்ணு பிறந்து பத்து நாள்ல போயிடுச்சாம். இன்னைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னாங்க.

கிராம செவிலி (ஓய்வு)
நான் குறிஞ்சிப்பாடி வட்டாரத்துல கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவள். துணை சுகாதார நிலையம், சைக்கிள், அப்புறம் ஸ்கூட்டி. வேலைக்குச் சேர்ந்த காலத்துல நான் பார்த்த பிரசவங்கள்ல பாதி வீட்டுலதான். ஓய்வு பெறும்போது வருஷத்துக்கு ஒண்ணு வந்தாலே விசாரணை வரும்.

இது தானா நடந்த மாற்றம் இல்லை. மூணு நர்ஸ் போட்டு ராத்திரியும் திறந்திருக்கற சுகாதார நிலையம், 2008-ல வந்த 108 வண்டி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் எல்லாம் சேர்ந்து செஞ்ச வேலை. அந்தத் திட்டம் 1987-ல 300 ரூபாயில ஆரம்பிச்சது, இப்ப பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000. 2018-20 கணக்குல லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவுல 97 தாய் இறக்கறாங்க, தமிழ்நாட்டுல 54. அந்த 54-ம் என் கண்ணுக்கு 54 வீடு.

தாயைக் கொல்றது பெரும்பாலும் மூணு. ரத்தப்போக்கு, ஜன்னி, சீழ்க்காய்ச்சல். இதுல ஜன்னி, அதாவது ரத்த அழுத்தம் ஏறி வர்ற வலிப்பு, அதுதான் கள்ளத்தனமா வரும். ஒரு பொண்ணு முந்திரித் தோப்புல கொட்டை பொறுக்கிக்கிட்டிருந்தா, எட்டு மாசம். கால் வீங்கியிருந்தது. "நீர் இறங்குதும்மா, எல்லாருக்கும் வர்றதுதானே"ன்னு மாமியார் சொன்னாங்க. "தலைவலி இருக்கா"ன்னு கேட்டேன். "ரெண்டு நாளா இருக்கு, கண்ணு முன்னால மின்மினி பறக்கற மாதிரி இருக்கு"ன்னா. ரத்த அழுத்தம் 170-க்கு மேல. அங்கேயே வண்டிக்கு போன் பண்ணினேன். வண்டியில ஏத்தும்போதே வலிப்பு வெட்டிடுச்சு. ஆஸ்பத்திரியில மக்னீசியம் ஊசி போட்டுப் பிழைக்க வச்சாங்க. வீட்டுல நடந்திருந்தா காத்துக் கறுப்புன்னு வேப்பிலை அடிச்சுக்கிட்டிருப்பாங்க.

புயல் மழைக்கும் இது பொருந்தும். தானே, 2015 வெள்ளம், நிவர்னு எத்தனை பார்த்துட்டோம். நாள் நெருங்கின பொண்ணுங்க பட்டியலை எடுத்து, காத்து அடிக்கறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில சேர்க்கறது எங்க வேலை. 2015-ல பரவனாறு ரோட்டை முழுங்கினப்ப ஒரு பொண்ணை டிராக்டர்ல ஏத்தி, தண்ணி என்ஜின் வரைக்கும் வர, பின்னால ரெண்டு பெரியம்மாங்க பிடிச்சுக்க, கொண்டு போய்ச் சேர்த்தோம். அதுக்கப்புறம் எந்தப் பொண்ணையும் கடைசி நாள் வரைக்கும் விட்டதில்லை.

தம்பி விதைநெல், வெளிநாட்டைச் சொன்னீங்க. அங்க வீட்டுக்கு வர்றது வருஷக்கணக்குல படிச்ச மருத்துவச்சி. யாருக்கு வீட்டுல பார்க்கலாம்னு முன்னாடியே சலிச்சு எடுப்பாங்க. ஏற்கனவே வயித்தைக் கிழிச்ச பொண்ணை அந்தப் பட்டியல்லயே சேர்க்க மாட்டாங்க. பையில ரத்தம் நிக்கற ஊசி இருக்கும். நம்ம வீடியோல வர்றவங்க பையில என்ன இருக்கு? 2018 ஜூலையில திருப்பூர்ல வீடியோ பார்த்து வீட்டுல பிரசவம் பார்த்தப்ப ஒரு ஆசிரியை ரத்தப்போக்குல இறந்தாங்க. படிச்ச பொண்ணு.

கிள்ளை மாலைப்பள்ளி
நான் கிள்ளை பக்கம் இருளர் குடியிருப்புல பிள்ளைங்களுக்குச் சாயந்திரம் பாடம் சொல்லிக் குடுக்கறவன். இங்க வீட்டுப் பிரசவம்கிறது யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்ததில்லை. ஆம்பளைங்க ராத்திரி இறால், நண்டு பிடிக்க உப்பனாத்துல இறங்கிடுவாங்க. வலி வந்தா பக்கத்துக் குடிசை ஆயாதான். இப்ப பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. போகத் தயங்கறவங்ககிட்ட காரணம் கேட்டேன். ஒரு பொண்ணு சொன்னது: "பேரைக் கேக்கறதுக்கு முன்னாடி, குளிச்சியான்னு கேக்கறாங்க சார்." அதுக்கு மேல அவ எதுவும் சொல்லலை.

வீட்டுல பிறந்த பிள்ளைக்கு இன்னொரு கஷ்டம் பின்னால வரும். 21 நாளைக்குள்ள பதிவு பண்ணினா காசில்லாம முடிஞ்சுடும். ஒரு வருஷம் தாண்டினா அதிகாரி உத்தரவு வரைக்கும் அலையணும். பிறப்புச் சான்று இல்லாம பள்ளிக்கூடம், சாதிச் சான்று எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை. புதுச்சேரியில இருளரை 2016 டிசம்பர்லதான் பழங்குடிப் பட்டியல்ல சேர்த்தாங்க. அவ்வளவு போராடிக் கிடைச்ச உரிமை, ஒரு பிறப்புச் சான்று இல்லாததால கைக்கு வராமப் போனா எப்படி? எங்க குடியிருப்புல பிள்ளை பிறந்ததும் நானே நோட்டுல தேதி நேரம் எழுதி வச்சுக்கறேன்.

விதைநெல் (வானூர்)
செவிலி அம்மா, நீங்க சொன்னதை ஏத்துக்கறேன். ஏற்கனவே ஆபரேஷன் ஆன பொண்ணுன்னு அக்கா எழுதியிருந்தும் நான் அதைக் கவனிக்காம பேசிட்டேன், தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு கேட்ட வார்த்தைக்கு யார் பொறுப்பு? நீங்க எல்லாம் வீட்டுல என்ன ஆபத்துன்னு சொன்னீங்க. அவ மறுபடி அதே கட்டில்ல, அதே மாதிரி தனியா கிடக்கணுமா?

புதுச்சேரி ஸ்டாஃப் நர்ஸ்
இல்லை தம்பி, கிடக்க வேண்டாம். நான் பிரசவ வார்டுல பதினாலு வருஷமா வேலை செய்யறேன். அந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்க வேலையில இருக்கற ஒருத்தர்ங்கறது எனக்குத் தலைகுனிவு. அப்படிப் பேசறவங்களை நானும் பார்த்திருக்கேன். புதுசா வந்தப்ப வாயை மூடிக்கிட்டு நின்னிருக்கேன். இப்ப நிக்கறதில்லை.

அக்கா, தங்கச்சிக்கு நேரடியா எழுதறேன். முதல் ஆபரேஷன்ங்கறதால இந்தத் தடவையும் ஆபரேஷன்தான்னு கட்டாயம் இல்லை. கர்ப்பப்பையில கீழ்ப்பக்கமா குறுக்க கீறியிருந்து, ரெண்டு பிரசவத்துக்கும் நடுவுல போதுமான இடைவெளி இருந்து, குழந்தை தலை கீழா இருந்தா, சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாம். அப்படி முயற்சி பண்றவங்கள்ல நூத்துக்கு 60-லருந்து 80 பேருக்கு நடக்குது. ஆனா பழைய தையல் வலியோட அழுத்தத்துல விட்டுப்போகலாம். இருநூறு பேர்ல ஒருத்தருக்கு நடக்கறதுதான். நடந்தா குழந்தைக்கு நிமிஷக்கணக்குலதான் நேரம். முதுநகர்லருந்து எந்த ஆஸ்பத்திரிக்கும் அந்த நிமிஷத்துக்குள்ள வர முடியாது. அதனால முயற்சியை, ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் மயக்க டாக்டரும் ராத்திரியும் இருக்கற இடத்துலதான் பண்ணணும். வீட்டுல கூடாது.

முதல்ல பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்க. கீறல் எந்த வாகுன்னு அதுல இருக்கும். அப்புறம் போற இடத்துல இப்பவே, வலி வர்றதுக்கு முன்னாடியே, கேளுங்க: அம்மாவோ அக்காவோ கூட நிக்கலாமா? அரசு ஆஸ்பத்திரிகள்ல பிரசவத் துணைக்கு 2016-லயே மத்திய சுகாதாரத்துறை இடம் குடுத்திருக்கு. வலி நேரத்துல நடக்கலாமா, பக்கவாட்டுல படுக்கலாமா? குழந்தையை உடனே நெஞ்சுல போடுவீங்களா? தொப்புள்கொடியை ஒரு நிமிஷமாவது விட்டு வெட்டுவீங்களா? முகம் சுளிக்காம பதில் சொல்ற இடத்தைத் தேர்ந்தெடுங்க. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, மாத்த நேரம் இருக்கு.

மருத்துவச்சி பேத்தி, உங்க ஆயா கையை அமுத்திப் பிடிச்சது பற்றி எழுதினீங்களே, இப்ப நர்ஸுகளுக்கு மகப்பேறு செவிலியர்னு 18 மாசப் பயிற்சி ஒண்ணு வந்திருக்கு. அதுல இதைத்தான் சொல்லிக் குடுக்கறாங்க. இடுப்பை அமுத்தறது, குந்த வைக்கறது, கூட மூச்சு விடறது. உங்க ஆயா இருந்திருந்தா வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருப்பேன்.

தேவனாம்பட்டினம் கடலோரத்தாள்
நான் அதிகம் படிச்சவ இல்லை. எங்க குப்பத்துல பெத்த உடம்புக்கு என்ன செய்வோம்னு சொல்றேன். காயம்னு ஒரு லேகியம் கிண்டுவோம், சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், கருப்பட்டி, நல்லெண்ணெய் விட்டு. அப்புறம் பால்சுறா. வேகவச்சு, தோலை உரிச்சு, துணியில கட்டிப் பிழிஞ்சு உதிர்த்து, நிறைய பூண்டு சேர்த்துப் புட்டு. பால் இல்லைன்னு எங்க பக்கத்துல எவளும் புட்டிப்பாலுக்குப் போனதில்லை. இதுக்கெல்லாம் எந்த ஆஸ்பத்திரியும் தடை சொல்லலை. ஆஸ்பத்திரியில பெத்துட்டு வந்து வீட்டுல தேத்திக்கலாம் கண்ணு.

ஓ.டி. அக்கா
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. நேத்து பீரோவைக் கவுத்துப் போட்டு டிஸ்சார்ஜ் சீட்டு தேடினோம். பையனோட தடுப்பூசி அட்டைக்குள்ள மடிச்சு இருந்தது. "லோயர் செக்மென்ட்"னு எழுதியிருக்கு. நர்ஸ் அக்கா, அது நீங்க சொன்ன கீழ்ப்பக்கக் கீறல்தானே?

தங்கச்சி இன்னும் முழுசா சரின்னு சொல்லலை. "அம்மா கூட நிக்கலாம்னு எழுதிக் குடுப்பாங்களா"ன்னு கேட்டா. புதன்கிழமை ரெண்டு பேரும் போய்க் கேக்கப் போறோம். அம்மா இன்னைக்குக் கடைக்குப் போய்ட்டுக் கால் கிலோ சீரகம் வாங்கிட்டு வந்திருக்காங்க.

புதுச்சேரி ஸ்டாஃப் நர்ஸ்
ஆமாம், அதேதான். சீட்டை ரெண்டு நகல் எடுத்துக்கோங்க. சீரகத் தண்ணி இப்ப குடிக்கலாம். ஆனா வலின்னு தோணினா அரை மணி பார்க்கறதெல்லாம் வேண்டாம், தையல் போட்ட வயிறு, நேரா கிளம்பி வந்துடுங்க. புதன்கிழமை என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க.

தேவனாம்பட்டினம் கடலோரத்தாள்
நாள் என்னைக்குன்னு சொல்லு கண்ணு. பால்சுறா கரைக்கு வந்தா எடுத்து வைக்கச் சொல்றேன். ஓ.டி. எனக்கு ரொம்ப தூரம் இல்லை.